கோழி முற்றத்தில் கண்ட உண்மை

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. அது அரிசியைப் பற்றிய பேச்சு. தில்லியின் கரோல் பாகிலும் மும்பையின் மாதுங்காவிலும் குடியேறிய நம் பெரியவர்கள், நல்ல புழுங்கல் அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவரையொருவர் கேட்டறிந்து கொள்வது வழக்கம். கொல்கத்தாவில் வாழ்வோருக்கு இந்தக் கவலை சற்றுக் குறைவு. வங்காளிகளும் நம்மைப் போலப் புழுங்கல் அரிசிக்குப் பழகியவர்களே. பச்சரிசியை உண்டு வளர்ந்த அண்டை வீட்டார் நம் புழுங்கல் அரிசியின் மணத்தைக் கண்டு முகம் சுளிப்பதும், அது அவரவர் பழக்கம் என்று நாம் விட்டுவிடுவதும் இயல்பு.

சுவைக்கும் பழக்கத்துக்கும் உரிய சிறிய விஷயம் போன்று தோன்றும் இந்த அரிசிப் பேச்சுக்குப் பின்னால் பெரிய வரலாறு ஒன்று இருக்கிறது. ஆசியாவில் ஆயிரமாயிரம் பேரின் உயிர் அதில் ஊசலாடியது. கடல் கடந்து மலேயாவுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்த வரலாறு தொடங்கிய இடம் ஒரு கோழிக்கூண்டு. அதையே இன்று சொல்ல விழைகிறேன்.

இன்று ஜகார்த்தா என்று வழங்கும் நகரம், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் பட்டாவியா என்று பெயர் பெற்றிருந்தது. ஜாவாவையும் சுமத்திராவையும் ஆண்ட ஒல்லாந்தர், 1873ஆம் ஆண்டு முதல் சுமத்திராவின் வடகோடியில் உள்ள ஆச்சே நாட்டோடு நீண்ட போர் நடத்தி வந்தனர். அந்தப் போரில் குண்டுகளுக்கு அஞ்சியதைவிட ஒரு நோய்க்கே படையினர் மிகுதியாக அஞ்சினர். அதன் பெயர் பெரிபெரி. முதலில் கால்கள் மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும். நாளடைவில் எழுந்து நிற்கவும் வலுவிராது. சிலருக்கு உடல் முழுவதும் நீர் கோத்து வீங்கும். காலையில் எழுந்து பேசிக்கொண்டிருந்தவர், இதயம் தளர்ந்து மாலைக்குள் மாண்டு போவதும் உண்டு. படைவீடுகள், சிறைச்சாலைகள், கப்பல்கள், சுரங்கங்கள் என, பலர் ஒன்றாகக் கூடி ஒரே உலையில் வெந்த சோற்றை உண்ணும் இடங்களிலெல்லாம் இந்நோய் குடிகொண்டது.

அக்காலம் கிருமிகளின் காலம். காசநோய்க்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் 1882இல் கண்டுபிடித்து அறிவித்திருந்தார். அடுத்து வாந்திபேதியின் கிருமியும் அகப்பட்டது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் வேரூன்றியது. ஆகவே பெரிபெரிக்கும் உரிய கிருமியைக் கண்டுபிடித்து வருமாறு, பெக்கல்ஹாரிங், விங்க்ளர் என்னும் இரு நிபுணர்களை ஒல்லாந்து அரசாங்கம் 1886இல் அனுப்பி வைத்தது. அவர்களுக்குத் துணையாக வந்த இளம் இராணுவ மருத்துவரே கிறிஸ்தியான் ஐக்மன். 1858இல் பிறந்த அவர், முன்னரே ஒருமுறை கிழக்கிந்தியத் தீவுகளில் பணியாற்றி, மலேரியாவால் உடல் நலிந்து தாய்நாடு திரும்பியவர். பின்பு பெர்லின் சென்று காக்கிடமே பயின்றவர். நிபுணர் இருவரும் ஏதோ ஒரு கிருமியைக் கண்டதாக நம்பி நாடு திரும்பினர். எஞ்சிய வேலையை முடிக்கும் பொறுப்போடு, பட்டாவியா இராணுவ மருத்துவமனையை ஒட்டிய சிறிய ஆய்வுக்கூடத்தின் தலைவராக 1888இல் ஐக்மன் அமர்த்தப்பட்டார்.

ஆய்வுக்குப் பிராணிகள் வேண்டும். விலை மலிவு, வளர்ப்பது எளிது என்ற காரணங்களால் ஐக்மன் கோழிகளைத் தேர்ந்தெடுத்தார். நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளைச் சில கோழிகளின் உடலில் ஏற்றினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென வேறு சில கோழிகளுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டு வைத்தார். கோழிகளுக்கு நோய் வருமா வராதா என்று காத்திருந்தவருக்கு, எதிர்பாராத ஒன்று நேர்ந்தது.

1889ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி முற்றத்துக் கோழிகளிடையே புதியதொரு நோய் தோன்றியது. முதலில் நடை தடுமாறிற்று. கோழிகள் காலை அகட்டி வைத்து, முழங்கால் மடங்க நடந்தன. இரவில் ஏறி அமரும் கொம்பில் நிற்க முடியாமல் விழுந்தன. சில நாட்களில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. எழ முயன்று முயன்று தோற்றன. கால்களில் தொடங்கிய வாதம் மேலே ஏறி இறக்கைகளையும் கழுத்தையும் பற்றியது. மூச்சுத் திணறிற்று, கொண்டை நீலம் பாரித்தது, கோழிகள் இறந்தன. இறந்தவற்றின் நரம்புகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அவை சிதைந்திருந்தன. பெரிபெரியால் மாண்ட மனிதர்களின் நரம்புகளில் காணும் சிதைவை அது பெரிதும் ஒத்திருந்தது.

கிருமி ஏற்றிய கோழிகள் மட்டும் நோயுற்றிருந்தால் ஐக்மன் மகிழ்ந்திருப்பார். ஆனால் ஒன்றும் செய்யாது விட்ட கோழிகளும் அவ்வாறே விழுந்தன. முற்றம் முழுவதுமே தொற்றுக்கு உள்ளாகிவிட்டதோ என்று ஐயுற்றார். கோழி வளர்க்கும் எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் இதுவே. கூண்டில் ஒன்று தலை சாய்ந்தால், அடுத்தடுத்து மற்றவையும் சாயக் கண்டால், கொள்ளை நோய் புகுந்துவிட்டது என்றுதான் நாமும் சொல்வோம். ஐக்மனோ இறந்த கோழிகளில் கிருமியைத் தேடினார். தேடியது கிடைக்கவில்லை. அவர் ஒரு முடிவுக்கு வருமுன்பே, நவம்பர் மாத இறுதியில் நோய் வந்தது போலவே மறைந்தது. புதிதாக ஒரு கோழியும் விழவில்லை. நோயுற்றிருந்தவையும் எழுந்து நடமாடின.

நோய் வந்ததற்குக் காரணம் தேடியவர், இப்போது நோய் போனதற்குக் காரணம் தேடலானார். கோழிகளின் தீனியைப் பற்றி விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. கோழிகளைக் கவனித்து வந்த பணியாள், செலவைக் குறைக்க எண்ணி, ஜூன் 17ஆம் தேதி முதல் மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மிஞ்சிய சோற்றை வாங்கி வந்து அவற்றுக்குப் போட்டு வந்திருக்கிறான். அது படையினருக்கென வடித்த, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. பிறகு பழைய சமையற்காரர் மாறிப் புதியவர் வந்தார். பட்டாளத்துச் சோற்றைப் பட்டாளத்தைச் சேராத கோழிகளுக்குத் தர இயலாது என்று அவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். ஆகவே நவம்பர் 27ஆம் தேதியோடு சோறு நின்றது. பழைய தீட்டாத அரிசித் தீனி திரும்பியது. சோறு தொடங்கிய மூன்று வாரங்களில் நோய் தோன்றியது. சோறு நின்றதும் நோய் நீங்கியது. விதியை விட்டுக் கொடுக்காத அந்தச் சமையற்காரரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. எனினும் மருத்துவ உலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

தற்செயலாகக் கிடைத்த இந்தக் குறிப்பை ஐக்மன் முறையாகச் சோதித்தார். நெல்லின் உமியை நீக்கினால் உள்ளே அரிசியை ஒட்டி மெல்லிய செந்நிறத் தோல் ஒன்று இருக்கும். ஒல்லாந்தர் அதை வெள்ளித்தோல் என்றனர். ஆலையில் தீட்டும்போது அந்தத் தோலும் அரிசியின் முளைக்கருவும் தவிடாக நீங்கிவிடும். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள், அதைச் சமைத்துப் போட்டாலும் பச்சையாகப் போட்டாலும், மூன்று நான்கு வாரங்களில் நோயுற்றன. தோல் நீங்காத அரிசியைத் தின்ற கோழிகள் நலமாக இருந்தன. நோயுற்ற கோழிக்குத் தவிட்டைக் கொடுத்தால் அது எழுந்து நடந்தது. ஆலைக்காரர்கள் கழிவு என்று ஒதுக்கிய தவிட்டில் உயிர் காக்கும் பொருள் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐக்மன் கண்ட உண்மை சரியானது. அதற்கு அவர் கூறிய காரணம் தவறானது. அரிசி மாவில் ஏதோ ஒரு நஞ்சு பிறக்கிறது, தவிடு அந்த நஞ்சை முறிக்கிறது என்று அவர் கருதினார். கிருமி என்ற எண்ணத்தைக் கைவிட்டவராலும், தீய பொருள் ஒன்று உடலினுள் புகுந்தால்தான் நோய் வரும் என்ற எண்ணத்தைக் கைவிட முடியவில்லை. ஒரு பொருள் இல்லாமற் போவதாலும் மனிதன் மாளக்கூடும் என்பது அக்காலத்தவர் அறிவுக்கு எளிதில் எட்டவில்லை.

கோழிக்கு உண்மையானது மனிதருக்கும் உண்மையா? இதை அறிய, ஜாவாவின் சிறைச்சாலைகளை மேற்பார்வை செய்து வந்த மருத்துவ அதிகாரி வோர்டர்மன் உதவினார். அந்தந்த வட்டாரத்து வழக்கப்படி ஒரு சிறையில் தீட்டிய அரிசியும் மற்றொன்றில் தீட்டாத அரிசியும் கொடுத்து வந்தனர். 1895ஆம் ஆண்டு முதல் அவர் 101 சிறைகளின் கணக்கைத் திரட்டினார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி கண்டிருந்தது. தீட்டாத அரிசி உண்ட சிறைகளிலோ 10,000 பேருக்கு ஒருவர்தான். கட்டடம் பழையதா புதியதா, காற்றோட்டம் உண்டா, நெரிசல் மிகுதியா என்றெல்லாம் அவர் பார்த்தார். அவற்றால் வேறுபாடு விளையவில்லை. அரிசியே வேறுபாட்டை விளைத்தது.

ஐக்மன் உடல்நலம் குன்றி 1896இல் ஒல்லாந்து திரும்பினார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கெரிட் கிரெய்ன்ஸ் என்பவர், அதே கோழிகளைக் கொண்டு ஆராய்ந்து, 1901இல் சரியான விளக்கத்தை எழுதினார். நஞ்சு ஏதும் இல்லை. நரம்புகளுக்கு இன்றியமையாத ஒரு பொருள் சில உணவுகளில் உண்டு, அது குறைந்தால் நோய் வரும் என்றார். நம் வீடுகளில் சுண்டலுக்கும் கஞ்சிக்கும் பயன்படும் பச்சைப் பயறு கோழிகளை அந்நோயிலிருந்து காப்பாற்றுகிறது என்பதையும் அவர் காட்டினார்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். அதே காலத்தில் மலாய் நாட்டின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டங் கூட்டமாக மடிந்தனர். அவர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. அவர்களைப் போலவே தாய்நாட்டை விட்டு வந்து, கடுமையாக உழைத்து, நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. கிராமங்களில் தம் நெல்லைத் தாமே குத்தி உண்ட மலாய்க்காரரிடமும் அது அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்து மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டை ஊன்றிக் கவனித்தார். தமிழர்கள் ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கல் அரிசியையே உண்கின்றனர் என்பதைக் குறித்து, 1907இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். அவரும் பச்சரிசியில் நஞ்சு இருப்பதாகவே எண்ணினார். ஆயினும் கண்ட வேறுபாடு மெய்யானது.

1905ஆம் ஆண்டு டிசம்பரில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியும் கொடுத்தார். ஓராண்டில் பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. கட்டடத்தின் குற்றமாக இருக்குமோ என்று இடத்தை மாற்றிப் பார்த்தும் பயன் அதுவே. அடுத்து பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், காட்டுப் பகுதியில் சாலை அமைக்க வந்த ஜாவாத் தொழிலாளர் சுமார் 300 பேரிடம் இதையே சோதித்து உறுதி செய்தனர்.

இச்சோதனைகளைப் படிக்கும்போது நெஞ்சு ஒரு கணம் தயங்குகிறது. ஒரு தட்டில் நோய் இருக்கலாம் என்று ஐயுற்றவர்கள், அந்தத் தட்டை மனநோயாளிகளின் முன்பும் கூலித் தொழிலாளரின் முன்பும் வைத்தனர். மறுக்கும் வலிமை இல்லாதவர்களே அவர்கள். இன்று எந்த நாட்டு மருத்துவ நெறியும் இதற்கு இடம் தராது. நாம் இன்று அறிந்திருக்கும் உண்மைக்கு அந்தப் பதினெட்டுப் பேர் விலையாயினர் என்பதை மறப்பதற்கில்லை.

புழுங்கல் அரிசி ஏன் காத்தது? நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது, தவிட்டுப் படலத்திலும் முளைக்கருவிலும் உள்ள சத்து நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் புகுகிறது. உலர்ந்ததும் அங்கேயே தங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் அதில் கணிசமான பகுதி அரிசியிலேயே நிற்கிறது. பச்சரிசியில் அச்சத்து மேற்புறத்திலேயே இருப்பதால், தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை அவித்துக் களத்தில் உலர்த்திய நம் பாட்டிமார்கள் இதையெல்லாம் அறிந்து செய்தவர்கள் அல்லர். அரிசி நொறுங்காமல் இருக்கும், நெடுநாள் கெடாமல் இருக்கும் என்பதற்காகவே செய்தனர். அறியாமல் செய்த அந்த வேலை, கடல் கடந்து போன பேரன்மாரைக் காத்தது.

இதை வைத்து நாம் பெருமை பேசுவதற்கு முன், நம் அண்டை அயலைப் பார்க்க வேண்டும். பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், தீட்டிய பச்சரிசி உண்ட மக்களிடையே பெரிபெரி நிலைத்திருந்தது. அதை ஆராய்வதற்கென்றே 1918இல், நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் வேலை தொடங்கினார். அந்தச் சிறு விதை வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது. நாட்டின் உணவு ஆராய்ச்சி முழுவதற்கும் வேர், ஒரு வகையில், அரிசித் தவிட்டில் இருக்கிறது.

பிந்திய கதை விரைவில் முடிவது. 1912இல், லண்டனில் பணியாற்றிய காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். 1926இல், ஐக்மன் இருந்த அதே பட்டாவியா ஆய்வுக்கூடத்தில் யான்சென், டொனாத் என்னும் இருவர் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் அதன் அமைப்பை விளக்கிச் செயற்கையாகவும் ஆக்கினார். அவர் 1886இல் பிறந்த ஊர் நம் அண்டையில் உள்ள நெல்லூர். அதுவே இன்று தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் வழங்குகிறது. சோற்றின் மாவுச்சத்தை உடல் எரித்து ஆற்றலாக்கிக் கொள்ள அது வேண்டும். அது குறைந்தால் நரம்பும் இதயமும் முதலில் தளர்கின்றன.

1929இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஐக்மனும் ஆங்கில விஞ்ஞானி ஹாப்கின்ஸும் பகிர்ந்து பெற்றனர். நோயுற்றிருந்த ஐக்மனால் பரிசு பெறச் செல்ல முடியவில்லை. மறு ஆண்டே காலமானார். சரியான விளக்கத்தை முதலில் எழுதிய கிரெய்ன்ஸுக்குப் பரிசில் பங்கு கிடைக்கவில்லை.

இது பழங்கதையாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அண்மை ஆண்டுகளில் காஷ்மீரில், தாய்ப்பால் மட்டுமே உண்ணும் கைக்குழந்தைகள் சிலர் திடீரென மூச்சுத் திணறி நலிந்தபோது, மருத்துவர்கள் தயமின் கொடுத்துப் பிழைக்கச் செய்தனர். தீட்டிய வெள்ளை அரிசியைப் பலமுறை கழுவிச் சமைத்து, பேறு காலத்தில் வேறு பல உணவுகளை விலக்கி உண்ட தாய்மாரின் பாலில் அச்சத்து குறைந்திருந்தது. நீரில் கரையும் சத்து ஆதலால், அரிசியை மிகுதியாகக் கழுவினால் கழுநீரோடு போகும். கஞ்சியை வடித்துக் கொட்டினால் கஞ்சியோடு போகும்.

ஆதலால் வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் புழுங்கல் அரிசியைத் தேடி வாங்குவதில் வீண் பிடிவாதம் ஏதும் இல்லை. அது கிடைக்காத ஊரிலும் கவலை வேண்டியதில்லை. கோதுமை ரொட்டியும் பருப்பும் பயறும் கீரையும் நாள்தோறும் சேரும் உணவில் அக்குறை நேர்வது அரிது. வெள்ளைச் சோறு ஒன்றையே நம்பி, அதையும் பலமுறை கழுவி, கஞ்சியைக் கொட்டிவிட்டு உண்ணும் வழக்கந்தான் ஆபத்து. முக்கியமாக, பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் என்ற பெயரால் பயறையும் பருப்பையும் விலக்கும் வீடுகள் பட்டாவியாக் கோழிகளை ஒருமுறை நினைத்துக் கொள்வது நல்லது. அடுத்த முறை கடையில் அரிசி வாங்கும்போது, மூட்டையில் உள்ளது எவ்வளவு வெள்ளை என்று மட்டும் பார்த்து வாங்காமல், அந்த வெண்மைக்காக எதைத் தீட்டி எடுத்தார்கள் என்றும் கேட்டு வாங்குவோமாக.